மிதிவண்டிச் சங்கிலியும் அதன் இணைப்பும்



மிதிவண்டியின் உறுப்புகளுள் மிகுதியாக உழைப்பதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்பெறுவதும் எதுவெனில், அதன் சங்கிலியே எனலாம். டயரில் காற்று இறங்கினால் ஏறி அமர்ந்தவுடனே தெரிந்துவிடும். பிரேக் தளர்ந்தால் முதல் திருப்பத்திலேயே விளங்கிவிடும். சங்கிலியோ மாதக்கணக்கில் ஓசையின்றித் தேய்ந்திருந்து, ஒருநாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னே பேருந்து நெருங்கி வரும் வேளையில், பட்டென்று அறும். பெடலின்மேல் எழுந்து நின்று மிதிப்பவருடைய உடற்பாரம் முழுவதும் அக்கணத்தில் பிடிமானமின்றி முன்னே சாயும். அவ்வாறு வீழ்ந்து பல்லும் தோளெலும்பும் முறிந்தோர் உண்டு.

அறுந்த சங்கிலியை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அது ஒருமுறை கழற்றி மீண்டும் பூட்டிய இடத்திலேயே விட்டிருக்கக் காணலாம். ஆதலின், சங்கிலியை இணைக்கும் முறைகள் யாவை, எந்தச் சங்கிலிக்கு எந்த இணைப்புப் பொருந்தும், இணைத்ததை எவ்வாறு பேணுவது என்பவற்றை இன்று சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். சொந்த ஊரில் சைக்கிள் கடைக்காரர் நம் வண்டியை நம்மினும் நன்கு அறிவார். அவரிடம் விட்டுவிட்டு நாம் தேநீர் அருந்தப் போகலாம். மொழி புதிதான ஊரிலோ, என்ன வேண்டும் என்பதை நாமே அறிந்து, பெயர் சொல்லிக் கேட்டு, செய்ததைச் சரிபார்த்து வாங்கவேண்டியிருக்கிறது.

முதலில் சங்கிலியின் அமைப்பைப் பார்ப்போம். இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து அங்கே குடியேறியவர். அதன்பின் ஐந்தாண்டுகளில், 1885-இல், ஸ்டார்லி என்பவர் பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் ‘ரோவர்’ மிதிவண்டியை வெளியிட்டார். சங்கிலியின் அடிப்படை அமைப்பு இன்றளவும் பெரிதும் மாறவில்லை. உட்கண்ணி ஒன்று, வெளிக்கண்ணி ஒன்று என மாறி மாறிக் கோத்திருக்கும். உட்கண்ணியின் இரு தட்டுகளுக்கிடையே சிறு குழல்கள் இருக்கும். குழலின்மேல் உருளை சுழலும். குழலின் உள்ளே வெளிக்கண்ணியின் ஆணி புகுந்திருக்கும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை உள்ள தூரம் 1/2 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பால்காரருடைய கனத்த வண்டியாயினும், பந்தயக்காரருடைய மெல்லிய வண்டியாயினும் இன்று இவ்வளவு ஒன்றே. மாறுவது அகலம் மட்டுமே. அந்த அகலத்தில்தான் இணைப்பின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சங்கிலி தாங்கும் இழுவையையும் சிறிது எண்ணிப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே பெடலின்மேல் ஏறி நிற்பதாகக் கொள்வோம். பெடல்கையின் நீளம் 170 மில்லிமீட்டர். 44 பற்கள் கொண்ட முன்சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி சங்கிலியில் விழும் இழுவை ஏறக்குறைய 115 கிலோ. அவருடைய எடையைப்போல் இருமடங்குக்குச் சற்றே குறைவு. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் உந்தி மிதித்தாலோ, இதனினும் மிகும். இத்தனை இழுவையும் இரண்டு மெல்லிய தட்டுகளிலும் ஒரு சிறிய ஆணியிலும் தங்கி நிற்கிறது.

பழைய வகை வண்டிகளைப் பற்றி முதலில் சொல்வேன். பின்னே ஒரே பற்சக்கரம் மட்டும் உள்ள சாதாரண வண்டியின் சங்கிலிக்கு உள் அகலம் 1/8 அங்குலம். இதனை இணைப்பதற்கு ‘கிளிப்’ வைத்த கண்ணி ஒன்று உண்டு. கடைகளில் இதனைப் பெரும்பாலும் ‘செயின் லாக்’ என்பர். வடநாட்டுக் கடைகளிலும் இச்சொல் செல்லும். (திருட்டைத் தடுக்கப் பூட்டும் சாவிச் சங்கிலிக்கும் இதே பெயர் வழங்குவதால், சில கடைகளில் அது கைக்கு வரும்; சங்கிலியைத் தொட்டுக் காட்டிக் கேட்பது நலம்.) மோட்டார் சைக்கிள் சங்கிலிகள் பலவற்றிலும் இவ்வகைக் கிளிப் கண்ணியே இருக்கும். இத்தொழிலில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ‘ரோலான்’ சங்கிலியும், 1960-இல் அம்பத்தூரில் அமெரிக்கக் கூட்டோடு தொடங்கிய டி.ஐ. டயமண்ட் சங்கிலியும் நாடெங்கும் பெயர் பெற்றவை.

கிளிப் கண்ணியில் மூன்று உறுப்புகள் உள. இரண்டு ஆணிகள் பதித்த ஒரு தட்டு; தனியே கழலும் மற்றொரு தட்டு; ஆணிகளின் நுனியிலுள்ள காடியில் அமரும் மீன்வடிவக் கிளிப். சங்கிலியின் இரு முனைகளையும் பின்சக்கரப் பற்களின்மேல் அடுத்தடுத்துப் படியவைத்தால், அவை தாமே நின்றுகொள்ளும். கை இரண்டும் வேலைக்குக் கிட்டும். சக்கரத்தின் பக்கமிருந்து ஆணிகளை நுழைத்து, வெளிப்பக்கம் தட்டை மாட்டி, கிளிப்பைக் காடியில் வைத்து, அதன் மூடிய வளைவைக் குறட்டால் அழுத்தினால் ‘டிக்’ என்று அமர்ந்துவிடும். கழற்றுவதற்குப் பிளவுபட்ட வாலின் பக்கமிருந்து தள்ளவேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கிளிப்பின் மூடிய பக்கம் சங்கிலி ஓடும் திசையை நோக்கியே இருக்கவேண்டும். மேற்புறச் சங்கிலி பின்னிருந்து முன்னே ஓடுகிறது. ஆகவே கண்ணி மேற்புறத்தில் நிற்கும்போது, மூடிய பக்கம் வண்டியின் முன்னே பார்த்து நிற்கும். காரணம் எளிது. ஓடும் சங்கிலி செயின் கவரிலோ, சிக்கிய கந்தலிலோ மோதினால், முன்னே செல்லும் பக்கத்திலேயே அடி விழும். மூடிய பக்கம் முன்னே இருந்தால் அவ்வடி கிளிப்பை இன்னும் அழுத்தமாக உள்ளே தள்ளும். பிளந்த வால் முன்னே இருந்தால் அதே அடி கிளிப்பைக் கழற்றி எறிந்துவிடும். கிளிப் போன பின்னும் வண்டி சிறிது தூரம் ஓடும், பிறகு தட்டு கழலும், பிறகு சங்கிலி. பழுதுபார்த்த வண்டியைத் திரும்பப் பெறும்போது இவ்வொன்றை மட்டுமாவது குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

கிளிப் கையிருப்பில் இல்லையெனில், தெருவோரத் தொழிலாளி பழைய ஆணியையே பாதி தள்ளி, மீண்டும் சுத்தியால் அடித்துச் சங்கிலியைச் சேர்த்துவிடுவார். தடித்த 1/8 அங்குலச் சங்கிலியில் இது ஓரளவு தாங்கும். கைதேர்ந்தவர் ஆணியின் நுனியை அடித்துச் சிறிது விரித்தும் கொடுப்பார். அவருடைய திறமையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே சுத்தியலை இன்றைய கியர் வண்டியின் சங்கிலியில் ஓங்கும்போதுதான் அபாயம் தொடங்குகிறது.

கியர் வண்டிகளில், பின்னே அடுக்கிய பற்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக் கூடச் சங்கிலியின் அகலம் குறைந்துகொண்டே வரும். எட்டு அடுக்குக்கு உரிய சங்கிலியின் வெளி அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், ஒன்பதுக்கு 6.6; பத்துக்கு 6; பதினொன்றுக்கு 5.5, பன்னிரண்டுக்கு ஏறக்குறைய 5.3. இச்சங்கிலிகளில் ஆணி தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிராது. நீட்டினால் அடுத்த பற்சக்கரத்தில் உரசும். ஆகவே தொழிற்சாலையில் ஆணியின் நுனியைத் தட்டோடு தட்டாக நசுக்கி விரித்திருப்பர். அந்த ஆணியை வெளியே தள்ளும்போது, விரிந்த நுனி சிதைவதோடு, தட்டின் துளையையும் அரித்துப் பெரிதாக்கிவிடும். அதே ஆணியை மீண்டும் உள்ளே செலுத்தினால் பார்வைக்கு முன்போலவே இருக்கும். ஆனால் தட்டைப் பிடித்துநிற்கும் விளிம்பு அங்கே இராது. கியர் மாறும்போது சங்கிலி பக்கவாட்டில் வளைகிறது. சில நாளில் தட்டு ஆணியிலிருந்து நழுவும். முன்னே சொன்ன மேம்பால விபத்து பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது. கிளிப் கண்ணியும் இங்கே உதவாது. அதன் தடிப்புப் பக்கத்துச் சக்கரத்தில் இடிக்கும்.

இக்குறையைத் தீர்ப்பதற்காக வந்ததே ‘குயிக் லிங்க்’ எனப்படும் விரைவுக் கண்ணி. இது ஒரே மாதிரியான இரு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதியிலும் ஒரு முனையில் ஆணி பதிந்திருக்கும். மறுமுனையில் சாவித்துளை போன்ற துளை இருக்கும், ஒருபுறம் அகலமாகவும் மறுபுறம் குறுகலாகவும். ஒரு பாதியின் ஆணி மற்றதன் அகன்ற துளையில் நுழைந்து, இழுக்கும்போது குறுகிய பக்கத்துக்கு நகர்ந்து பூட்டிக்கொள்ளும். மிதிக்கும் இழுவையே இதனை இறுக்கிவைக்கிறது. சுத்தியல் வேண்டா, நசுக்க வேண்டா, ஆணி எதையும் அடிக்க வேண்டா.

பூட்டும் விதம் இது. சங்கிலியின் இரு முனைகளும் உட்கண்ணிகளாக இருக்கவேண்டும். விரைவுக் கண்ணிதான் அவற்றுக்கிடையே வெளிக்கண்ணியாக நிற்கப்போகிறது. ஒரு பாதியை உட்பக்கமிருந்து ஒரு முனையிலும், மற்றதை வெளிப்பக்கமிருந்து மறுமுனையிலும் நுழைத்து, ஆணிகளை ஒன்றன் துளையில் மற்றொன்றாகச் செருகி, கையால் இரு புறமும் இழுத்துவிடுக. இப்போது பாதியே பூட்டியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி, கண்ணியைச் சங்கிலியின் மேற்புறத்துக்கு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கொண்டுவருக. பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி ஒருமுறை மிதித்தால், கண்ணி ‘டக்’ என்ற ஒலியுடன் முழுதும் அமரும். அதன்பின் குனிந்து, இரு ஆணிகளும் குறுகிய பள்ளத்தின் கடைசிவரை சென்றிருக்கின்றனவா என்று இரு பக்கமும் பார்க்கவேண்டும். பாதி அமர்ந்த கண்ணி, கண்ணி இல்லாததைவிடக் கொடிது. அது ஓடும், ஆனால் நம்பத்தக்கதன்று. சில வகைகளில் அம்புக்குறி பொறித்திருக்கும். அது சங்கிலி ஓடும் திசையைக் காட்டவேண்டும்.

கழற்றுவதற்கு இதன் எதிர்த்திசையில், இரு உருளைகளையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கவேண்டும். இதற்கென்றே வாய் குறுகிய குறடு ஒன்று விற்கிறார்கள். குறடு இல்லாவிடில், செருப்பு நாடா ஒன்றைக் கண்ணியின் இரு புறமும் உள்ள உருளைகளைச் சுற்றிக் கொணர்ந்து, குறுக்கே ஒரு முடிச்சாக இட்டு, இரு நுனிகளையும் பலமாக இழுத்தால் கண்ணி விடும். கைநகம் பிழைக்கும், நாடாதான் கறுத்துப்போகும்.

விரைவுக் கண்ணியில் இரண்டு செய்திகளை மறவாதிருக்கவேண்டும். ஒன்று, கண்ணியின் அளவு சங்கிலியின் அளவோடு ஒத்திருக்கவேண்டும். எட்டு அடுக்குக் கண்ணியைப் பத்து அடுக்குச் சங்கிலியில் மாட்டினால் பக்கங்கள் தளர்ந்து ஆடும். பத்தின் கண்ணியை எட்டில் மாட்ட முயன்றால் முழுதும் பூட்டிக்கொள்ளாது. மற்றொன்று, எல்லாக் கண்ணியும் பன்முறை பயன்படுவதன்று. எட்டு, ஒன்பது அடுக்கு வகைகளைப் பெரும்பாலும் பலமுறை கழற்றிப் பூட்டலாம். பத்தும் அதற்கு மேலும் உள்ள மெல்லிய வகைகளுள் பலவற்றை ஒருமுறைக்கு உரியவை என்றே செய்தவர் அறிவிக்கின்றனர். உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நடப்பதே தகும். கழுவுவதற்காக வாரந்தோறும் கழற்றி மாட்டும் பழக்கம் இவ்வகைகளுக்கு ஆகாது.

தில்லியின் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தை, கொல்கத்தாவின் பென்டிங்க் தெரு ஆகிய இடங்களில் இத்தகைய பொருள்கள் கிடைக்கும். கேட்கும்போது அடுக்கின் எண்ணைச் சொல்வதோடு நில்லாமல், பின்சக்கரத்தின் பற்சக்கரங்களை ஒருமுறை நாமே எண்ணிவிட்டுச் செல்லவேண்டும். முன்னே மூன்றும் பின்னே ஏழும் உள்ள வண்டியை ‘இருபத்தொரு ஸ்பீடு’ என்று விளம்பரம் கூறும். கண்ணிக்கு வேண்டிய எண் ஏழே. ஏழுக்கும் எட்டுக்கும் ஒரே கண்ணி பொருந்தும்.

இனி, தேய்மானம். சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கு; உண்மையில் தட்டுகள் நீள்வதில்லை. ஆணியும் குழலும் உரசும் இடத்தில் இரும்பு தேய்ந்து இடைவெளி உண்டாகிறது. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு தலைமயிரின் தடிப்பளவே தேய்ந்தாலும், நூற்றுக்கு மேற்பட்ட ஆணிகளில் அது சேர்ந்து, சங்கிலி அரை அங்குலத்துக்கும் மேலாகத் தொங்கிவிடும். இதனை அளக்கச் சாதாரண அடிக்கோல் போதும். சங்கிலி வண்டியில் இறுகி நிற்கும்போதே, ஓர் ஆணியின் நடுவில் கோலின் தொடக்கத்தை வைத்தால், புதிய சங்கிலியில் அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணிவரும் இருபத்துநான்காவது ஆணியின் நடு மிகச் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் கியர் வண்டிக்குப் புதிய சங்கிலி வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு அடுக்கு வண்டிகளில் அவ்வளவு வரும்வரைகூடக் காத்திருத்தல் ஆகாது. 1/8 அங்குலம் தாண்டிவிட்டால் பற்சக்கரங்களும் சங்கிலியின் தேய்ந்த அளவுக்கே தேய்ந்திருக்கும். அப்போது புதிய சங்கிலி போட்டாலும் பழைய பற்களில் அது துள்ளும். சிறு செலவில் முடியவேண்டியது பெருஞ்செலவாகும். சங்கிலி தேய்ந்தபின் ஒரு கண்ணியை வெட்டிக் குறைத்து ஓட்டுவாரும் உளர். தொங்கல் மறையும், தேய்மானம் மறையாது.

எண்ணெய் இடுவதில் நம்மவர்க்கு ஒரு தனிச் சொல் சொல்லவேண்டியிருக்கிறது. தேங்காயெண்ணெய்க் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விடுவது பல வீடுகளில் பழக்கம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையும். ராமநாதபுரத்தில் இது பெரிதன்று; தில்லியின் ஜனவரிக் காலையில் அது சங்கிலியினுள் வெண்மெழுகாக நின்றுவிடும், ஆணிக்கும் குழலுக்கும் இடையே ஊராது. நல்லெண்ணெயோ நாளடைவில் பிசுக்காகிப் புழுதியைப் பிடிக்கும். மோட்டார் பட்டறையில் வடித்த கரிய எண்ணெயில் இரும்புத்தூள் கலந்திருக்கிறது. அதனை இடுவது சங்கிலிக்கு அரம் வைப்பதை ஒக்கும். தையல் இயந்திர எண்ணெய், அல்லது சங்கிலிக்கென்றே விற்கும் எண்ணெய், இவையே தகுந்தவை. மழைமிகுந்த மும்பையில் சற்றுக் கெட்டியானதும், புழுதிக்காற்று வீசும் வடநாட்டுக் கோடையில் மெல்லியதும் ஏற்றவை.

எண்ணெய் வேண்டியது சங்கிலியின் வெளியே அன்று. உருளைக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள சந்தில். சங்கிலியின் கீழ்ப்புறத்தில், உட்பக்கமாக, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி விட்டு, பெடலைப் பின்னோக்கிப் பலமுறை சுழற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் பழந்துணியால் வெளிப்பக்கத்தை உலரத் துடைத்துவிடவேண்டும். துடைப்பதை விட்டுவிடுவோர் மிகப் பலர். வெளியே வழியும் எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டு, எண்ணெய் இடாததினும் விரைவாகத் தேய்க்கும். அழுக்கு மிகுந்தபோது மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் தேய்க்கலாம். ஆனால் நன்கு உலர்ந்த பின்னரே மறுபடி எண்ணெய் இடவேண்டும். புதிய சங்கிலியைக் கழுவவே வேண்டா. தொழிற்சாலையில் உள்ளே செலுத்திய கிரீஸ் அத்தனை எளிதில் மீண்டும் வாய்ப்பதன்று. மழைநீரில் ஓட்டியபின் அன்றிரவே துடைத்து எண்ணெய் இடுதல் நன்று. கடலோர நகரங்களில் ஓரிரு நாளிலேயே செம்மை படரும்.

ஒற்றைச் சக்கர வண்டியில் சங்கிலி நடுவிடத்தில் மேலும் கீழுமாக 1/2 அங்குலம் ஆடும்படி பின்சக்கரத்தை நகர்த்தி இறுக்கிவைக்கவேண்டும். ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருந்தால், இறுகிய இடத்தைக் கொண்டே அளவு பார்க்கவேண்டும்.

வழியில் சங்கிலி அறுந்தால் என்ன செய்வது? கியர் வண்டி வைத்திருப்போர் ஆசனத்தின் கீழ்ப் பையில் இரண்டு விரைவுக் கண்ணிகளும், ‘செயின் கட்டர்’ என்னும் சிறு திருகுக் கருவியும் வைத்திருந்தால், முறிந்த வெளிக்கண்ணியை நீக்கி, அவ்விடத்தில் விரைவுக் கண்ணியைப் பூட்டிப் பத்து நிமிடத்தில் புறப்பட்டுவிடலாம். அடுத்த உட்கண்ணியும் வளைந்திருந்தால், இரண்டையும் நீக்கிப் பூட்டவேண்டியிருக்கும். சங்கிலி ஓர் அங்குலம் குறையும். அப்போது முன்னே பெரிய சக்கரமும் பின்னே பெரிய சக்கரமுமாக இரண்டையும் சேர்த்து ஓட்டலாகாது. சங்கிலி எட்டாமல் கியர்க்கை முறியும். வீடு சேரும்வரை சிறிய முன்சக்கரத்திலேயே செல்க. பையில் வைக்கும் கண்ணியை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் ஒரு துளி எண்ணெயோடு இட்டு, எத்தனை அடுக்குக்கு உரியது என்பதை உறையின்மேல் எழுதிவைத்தல் வேண்டும். ஈராண்டு கழித்து எடுக்கும்போது அவ்வெண் நினைவில் இராது. கண்ணியின்மேல் பொறித்த எழுத்தோ, தெருவிளக்கில் படிக்கும் அளவில் இல்லை.